செருப்பைக் கழற்றியவன்

என் வலது கையில் மூன்று விரல்கள்தான் இருக்கின்றன. மற்ற இரண்டும் எங்கே என்று கேட்பவர்களிடம், தேங்காய் வெட்டும்போது கத்தி தவறிவிட்டது என்பேன். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் போலீஸ்காரரிடம் சொன்னதும் அதுதான். கேட்டவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இனி உள்ளதைச் சொன்னால் யாருக்கும் நட்டமில்லை. எனக்குக் கொஞ்சம் வெட்கம், அவ்வளவுதான்.

நான் கோபக்காரன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நடுவில் வந்து ஏன் இப்படிச் செய்தாய் என்று என்னைக் கேட்கக் கூடாது. "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்பதை என் அப்பா என்னைக் கை காட்டித்தான் ஊராருக்கு விளக்குவார். அது எவ்வளவு சரியான பேச்சு என்று தெரிவதற்கு முன்னாலேயே அவர் செத்துப்போனார். கொடுத்துவைத்தவர்.

எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் எங்கள் வகையறாவுக்குக் கருப்பு என்று ஒரு சாமி உண்டு. சுவர் கிடையாது, கூரை கிடையாது. ஒரு கல், மண்ணில் நட்ட அரிவாள்கள், சுற்றிலும் செங்கல் பதித்த எல்லை. எல்லைக்குள் செருப்புக் கால் கூடாது. இன்னொரு கட்டும் உண்டு, அதுதான் பெரிது. எல்லைக்குள் கிடாய் ரத்தம் விழலாம், சேவல் ரத்தம் விழலாம், பங்காளி ரத்தம் விழக் கூடாது. ஒரே பாட்டனார் வழியில் வந்த ஆண்கள் எவ்வளவு வெட்டிக் குத்திக்கொண்டாலும், ஒருவன் ஓடிப்போய் எல்லைக்குள் நின்றுவிட்டால் துரத்தியவன் வெளியே நின்று திட்டிவிட்டுப் போகவேண்டியதுதான். எத்தனை தலைமுறையாக என்று தெரியாது, யாரும் அதை மீறியதில்லை.

நான் மீறினேன்.

சண்டை முதல் வெட்டுக்காக. திருவிழாவில் முதல் கிடாயை யார் வெட்டுவது என்பதுதான் அந்த மரியாதை. அப்பா இருந்தவரை அது எங்கள் வீட்டில் இருந்தது. அவர் செத்த வருஷம் என் பெரியப்பாவின் மூத்த மகன் எல்லைக்குள் வந்து நின்று, மூத்த வழிக்குத்தான் முதல் வெட்டு என்றான். "அப்பன் செத்த ஈரம் காயல, அதுக்குள்ள உனக்கு அருவா கேக்குதா? தள்ளி நில்லுடா" என்று ஊர்ப் பெண்கள் அத்தனை பேருக்கும் முன்னால் என் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். தீட்டிய அரிவாள் என் கையில் இருந்தது. தள்ளிய கையை வெட்டினேன்.

மணிக்கட்டுக்கு மேலே விழுந்தது வெட்டு. கீழே கிடந்த கையின் விரல்கள் ஒரு தடவை மடங்கி விரிந்தன. அவனுடைய தம்பி, என்னோடு ஒரே வலையில் மீன் பிடித்தவன், என்னைவிட ஆறு வயது சின்னவன், தோள் துண்டை எடுத்து அண்ணனின் முழங்கையில் இறுக்கிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தான். கிடாய் வெட்டுப்படாமல் நின்று தன் கழுத்து மாலையைத் தின்றுகொண்டிருந்தது. இதெல்லாம் எனக்கு நேற்று மாதிரி இருக்கிறது. அப்புறம் எப்படி ஓடினேன் என்பது மட்டும் நினைவில் இல்லை.

நாகப்பட்டினத்தில் கப்பலுக்குக் காத்திருந்தபோது, வெட்டுக் காயம் புரையோடி அவன் பதினோராம் நாள் செத்துப்போனான் என்று சேதி வந்தது. கொண்டுவந்த என் தாய்மாமன், "மாப்ள, இனி இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காத" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். ஐம்பதுகளின் தொடக்கம் அது. கப்பலின் அடித்தட்டில் வாந்தியிலும் மாட்டு மூத்திர வாடையிலும் கிடந்து சிங்கப்பூர் வந்தேன்.

இனிமேல் கத்தியையே தொடுவதில்லை என்று கப்பலில் சபதம் செய்திருந்தேன். கிடைத்த முதல் வேலை தேக்கா மார்க்கெட்டில் தேங்காய் வெட்டுவது. மலாய்க்காரர்கள் பாராங் என்று சொல்லும் நீளக் கத்தியைக் கையில் கொடுத்தார்கள். பசிக்கிறவனுக்குச் சபதமாவது ஒன்றாவது! காலையிலிருந்து மத்தியானம் வரை வெட்டினேன். ஒவ்வொரு காயும் பிளக்கும்போது கேட்கிற சத்தம் எனக்குத் தேங்காய்ச் சத்தமாகக் கேட்க இரண்டு வருஷம் ஆனது.

பிறகு கல்யாணம் ஆனது. அவள் ஜோகூர் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். வாய் என்றால் வாய், அப்படி ஒரு வாய். முதல் மாதமே நான் செய்ததை அவளிடம் சொல்லிவிட்டேன். "என்னைய வெட்டுவியா?" என்றாள். "மாட்டேன்" என்றேன். "அப்ப சாப்பிட வா லா" என்றாள்.

ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஒரு கடைவீட்டின் பின்னறையில் குடியிருந்தோம். அறைக்குப் பின்னால் ஒரு காலத்தில் மாட்டுக் கொட்டகை இருந்த வெற்று மண். அதில் நாலடிக்கு நாலடி இடத்தைச் சுத்தம் செய்து, உடைந்த செங்கற்களைச் சுற்றிலும் பதித்தேன். உள்ளே ஒன்றும் வைக்கவில்லை. வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

இது தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் சாமிகள் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வந்துவிட மாட்டார்கள். பிழைக்கப் போகிறவன் சாமியின் காலடியில் ஒரு பிடி மண் எடுத்து, மஞ்சள் துணியில் மூன்று முடிச்சுப் போட்டுக் கொண்டுபோக வேண்டும். அதற்குப் பிடிமண் என்று பெயர். அந்த மண்ணை எங்கே போடுகிறார்களோ அங்கே அவர் எல்லை. போட்ட மண்ணைத் திரும்ப எடுக்க முடியாது. நானோ ரத்தக் கையோடு ஓடி வந்தவன். எந்த முகத்தோடு குனிந்து மண் எடுப்பேன்?

ஆனாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் மத்தியானம் அந்த வெறும் இடத்தை மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவி, சூடம் ஏற்றிக் கும்பிட்டேன். ஏழு வருஷம். காய்ச்சலில் கிடந்தபோதுகூட ஊர்ந்துபோய்க் கும்பிட்டேன். அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். "ஆளில்லாத கடையில யாருக்குய்யா டீ ஆத்துற?" என்று ஒருவர் கேட்டார். என் வீட்டுக்காரிக்கே பொறுக்கவில்லை.

"சிராங்கூன் ரோட்டுல இவ்ளோ பெரிய கோயிலு இருக்கு. அங்க போய்க் கும்புட்டா ஆவாதா?"

"கும்பிடலாம். அந்தச் சாமிங்க என்னை அடிக்க மாட்டாங்க. நான் அடிபட வேண்டியது என் அப்பன் கருப்புகிட்ட" என்றேன்.

"அவருதான் இங்க இல்லியே."

"தெரியும்டி. அதான்டி அழுவுறேன்."

ஒரு நாள் ஒரு குடிகாரன் அந்த இடத்தில் கால் வைத்து, "இதான் உன் சாமியா?" என்று காறித் துப்பினான். அவனுடைய முன்பற்களை உடைத்தேன். விழுந்த பிறகும் அடித்தேன். மூன்று நாள் லாக்கப்பில் வைத்தார்கள். அங்கே உட்கார்ந்து யோசித்தபோதுதான், சாமி ஏன் என்னைத் தேடி வரவில்லை என்று புரிந்தது. யார் வருவார்கள் என்னைப் போல ஒருவனைத் தேடி?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது பிறந்திருந்தது. ஒரு காலையில் தேங்காய் வாங்க வந்த அன்னாசி லாரி டிரைவர், "ஜோகூர்ல உங்க ஊர் ஆளு ஒருத்தன் உங்களப் பத்தி விசாரிக்கிறான்" என்றார். ஆள் எப்படி என்றேன். அடையாளம் சொன்னார். இடது புருவத்தில் தூண்டில் முள் கிழித்த தழும்பு இருக்கிறதாம். அந்த முள்ளை எடுத்தவன் நான்தான். வந்திருப்பது தம்பி.

வீட்டுக்காரி துணிமணியை மூட்டை கட்டிவிட்டாள். "எங்க சித்தி வூடு கிள்ளான்ல இருக்கு. வா, போயிரலாம்."

"ஊர்லேருந்து ஓடி வந்தேன். இங்கேருந்தும் ஓடினா இனிமே கடலுக்குள்ளதான் ஓடணும். நான் வரல. நீ போ."

"நான் எங்க போறது? உன்னைய வுட்டுட்டுப் போனா யாரு உனக்குச் சோறு போடுறது, பேயா?" என்று மூட்டையை அவிழ்த்து எறிந்தாள்.

சாவுக்கு நான் பயப்படவில்லை. கைக்குக் கை, உயிருக்கு உயிர், நியாயம்தான். எனக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது. எங்கள் பக்கத்து நம்பிக்கையில், சாமி மன்னிக்காமல் எல்லைக்கு வெளியே வெட்டுப்பட்டுச் சாகிறவன் அவர் கணக்கிலேயே இல்லாமல் போய்விடுவான். நாய்க்குக்கூட அவர் வாசலில் இடம் உண்டு, அவனுக்குக் கிடையாது. அந்த வெறும் இடத்தின் முன்னால் விழுந்து, "அவன் கையால சாவுறேன், சரி. ஆனா உன் எல்லைக்கு வெளிய சாக விட்டுடாதய்யா" என்று கேட்டேன். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரிடம் இதைக் கேட்பது பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தேதான் கேட்டேன். அன்றிலிருந்து பாராங்கைக் கடையிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன்.

ஒரு வாரம் கழிந்தது. உட்லண்ட்ஸ் பாலத்தைத் தாண்டி, அதே மாதிரி ஓர் அன்னாசி லாரியில் ஏறி அவன் வந்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். மண்ணைக் கழுவிவிட்டுக் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தேன். பின்னாலிருந்து "டேய்" என்று குரல் கேட்டது. செத்துப்போன அண்ணன் குரல் மாதிரியே இருந்தது.

திரும்பினேன். காலில் ஜப்பான் ரப்பர் செருப்பு, கக்கத்தில் செய்தித்தாள் சுற்றிய நீளமான பொட்டலம்.

"வாடா தம்பி" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

"எவன்டா உனக்குத் தம்பி? பதினோரு நாள் கத்துனான்டா எங்கண்ணன். இல்லாத கை வலிக்குது, விரலெல்லாம் வலிக்குது, யாராச்சும் நீவி விடுங்கன்னு கத்துனான். எதைடா நீவுறது நாங்க? எங்கம்மா வெறும் பாயை நீவுனாடா!"

செய்தித்தாளைக் கிழித்து எறிந்தான். உள்ளே புதுப் பாராங்.

வெட்டுப்பட்டுச் செத்துவிடலாம் என்று ஒரு வாரமாக எனக்கு நானே சொல்லிவைத்திருந்தேன். எல்லாம் வெறும் பேச்சு. கத்தி மேலே போனதும் இந்தக் கோபக்கார உடம்பு தானாக எழுந்து பாய்ந்தது. வலது கையால் வெட்டைத் தடுத்தேன். சுண்டுவிரலும் பக்கத்து விரலும் செங்கல் ஓரத்தில் போய் விழுந்தன. வலி உடனே வரவில்லை, சூடுதான் வந்தது. தலையால் அவன் மூக்கில் மோதினேன். மூக்கு உடைகிற சத்தம் கேட்டது. அவன் என் கழுத்தைப் பிடித்தான், நான் அவன் தோளைக் கடித்தேன். என் வாயெல்லாம் அவன் ரத்தம், அவன் முகமெல்லாம் என் ரத்தம். ஒரே ரத்தம்தானே இரண்டும்!

அவன் முட்டியால் என் வயிற்றில் இடித்தான். நான் அந்த நாலடி இடத்துக்குள் மல்லாக்க விழுந்தேன். நெஞ்சின் மேல் செருப்புக் காலை வைத்து மிதித்துக்கொண்டு, இரண்டு கையாலும் பாராங்கைத் தூக்கினான். நல்ல கை ஒன்றுதான் மிச்சம். கையில் அகப்பட்டதைப் பிடித்து இழுத்தேன். அகப்பட்டது அவன் இடுப்பு வேட்டி. வேட்டியோடு சேர்ந்து இடுப்பில் கட்டியிருந்த எதுவோ டப்பென்று அறுந்து, என் முகத்திலும் மார்பிலும் சுற்றிலும் மண்ணாகக் கொட்டியது.

கண்ணில் மண். எங்கள் கண்மாய்க் கரைச் செம்மண். அதில் அரிவாள் துரு உதிர்ந்திருக்கும், எரிந்த சூடம் கறுப்பாகக் கலந்திருக்கும். அதன் வாடையை இத்தனை வருஷம் அல்ல, எழுபது வருஷம் கழித்தும் நான் சொல்வேன். என் கையில் கிழிந்த மஞ்சள் துணி, அதில் அவிழாத மூன்று முடிச்சு.

நான் வாய் திறப்பதற்குள் அவனே பார்த்துவிட்டான். "ஐயோ, கருப்பு!" என்று ஒரு அலறல். ஓங்கிய பாராங் தலைக்கு மேலேயே நின்றது. அப்படியே நின்றுகொண்டு அவன் முதலில் என்ன செய்தான் தெரியுமா? செருப்பைக் கழற்றினான். ஒரு காலை உதறினான், செருப்பு சாக்கடையில் போய் விழுந்தது. இன்னொரு காலை உதறினான். கொல்ல வந்தவன், கையில் கத்தி, முகமெல்லாம் ரத்தம், அவசர அவசரமாகச் செருப்பைக் கழற்றுகிறான். அப்புறம்தான் நான் எங்கே கிடக்கிறேன் என்பது அவனுக்கு உறைத்தது. பாராங்கை எல்லைக்கு வெளியே வீசினான்.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரி அம்மிக் குழவியோடு ஓடிவந்து அவன் முதுகில் ஒரு போடு போட்டாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவது தடவை ஓங்கினாள்.

"அடிக்காதடி! அவனும் உள்ளதான்டி நிக்கிறான்!" என்று கத்தினேன்.

"என்னா உள்ள? உன் விரலு அங்க கெடக்கு, உனக்கு உள்ள வெளியவா?" என்று அவளும் கத்தினாள். ஆனாலும் குழவியைக் கீழே போட்டாள். போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

அவன் என் பக்கத்தில் மண்டியிட்டிருந்தான். மூக்கிலிருந்து ரத்தம் சொட்டச் சொட்ட, "அம்மாதான் கட்டிவிட்டா. கருப்பு கூட வரட்டும், அவரு சாட்சியா காரியத்த முடின்னு கட்டிவிட்டா" என்றான்.

பெரியம்மா! என்னைக் கொல்ல மகனையும் அனுப்பி, என்னைக் கொல்லவே முடியாதபடி செய்கிற ஒன்றையும் அவன் இடுப்பிலேயே கட்டி அனுப்பியிருக்கிறாள். மகனைப் பறிகொடுத்த வயிற்றெரிச்சலில் அவளுக்கு அது அவள் மகனுடைய சாமியாக மட்டும்தான் தெரிந்திருக்கிறது. அதே சாமிக்கு நானும் பிள்ளை என்பது மறந்துபோயிருக்கிறது. எனக்கே அது பல நாள் மறந்துபோகும், அவளை என்ன சொல்ல?

"நீ உள்ள வச்சு வெட்டுன. உன்னால முடிஞ்சுச்சு" என்றான் அவன், என்னைப் பார்க்காமல். "என்னால முடியலையே. நான் என்ன செய்ய? முடியலையே."

விரல் போனது வலிக்கவில்லை. இது வலித்தது. அவனுக்கு என்னைவிட நூறு மடங்கு காரணம் இருந்தது. அவன் நின்ற இடத்தில் நான் அன்றைக்கு நின்றிருந்தேன், ஒரு வார்த்தைக்காக வெட்டினேன். சாமி வந்துவிட்டார் என்று சந்தோஷப்படுவதா, வந்த விதத்தைப் பார்த்து நாக்கைப் பிடுங்கிக்கொள்வதா என்று தெரியாமல், அந்த மண்ணில் முகத்தை வைத்து நானும் அழுதேன்.

தோள் துண்டை எடுத்து என் கையில் இறுக்கிக் கட்டினான். அன்றைக்கு அண்ணனுக்குக் கட்டியது போலவே கட்டினான். டிரைஷா என்கிற மூன்று சக்கர வண்டியில் என்னை ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அவன்தான் கொண்டுபோனான். போலீஸ்காரர் ஒரு தமிழர். என்னையும் அவன் மூக்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தேங்காய் வெட்டுறப்ப தவறிடுச்சு" என்றேன்.

"இவரு மூக்கு?"

"அதுவும் தேங்காதான்" என்றான் அவன்.

போலீஸ்காரர் பெருமூச்சு விட்டு எழுதிக்கொண்டார்.

எட்டு நாள் எங்களோடு இருந்தான். என் வீட்டுக்காரி அவனைத் திட்டிக்கொண்டே சோறு போட்டாள். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், கொட்டிய மண்ணின் மேல் இருவரும் ஒரு கல்லை நட்டோம், நான் ஒரு சேவல் வாங்கி வந்தேன். முதல் வெட்டுக்கு அவனிடம் பாராங்கை நீட்டினேன்.

"மூத்த வழிக்குத்தான் முதல் வெட்டு" என்றேன். அன்றைக்கே இதைச் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? ஒன்றும் குறைந்திருக்காது.

கத்தியை வாங்கிக்கொண்டு, "அண்ணே, காலைப் பிடி" என்றான். மூன்று விரலால் சேவலின் காலைப் பிடித்தேன். ஒரே வெட்டு. ரத்தம் அந்த மண்ணில் விழுந்தது. அண்ணே என்று அவன் கூப்பிட்டதை நினைத்து அன்றைக்கு முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

போகும்போது, "அம்மாகிட்ட நான் சொல்றேன். நீ ஒரு தடவ ஊருக்கு வா. கருப்பே உன்கிட்ட வந்துட்டாரு, இனி யாரு உன்னைய என்ன சொல்ல முடியும்?" என்றான். எனக்கும் ஆசை வந்துவிட்டது. கப்பல் எப்போது என்றுகூட விசாரித்துவைத்தேன்.

மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது. பெரியம்மா சொல்லச் சொல்ல யாரோ எழுதியது. என் வீட்டுக்காரிதான் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"மண்ணை என் கையால்தான் அள்ளினேன். அதைச் சாமி உனக்கென்று ஆக்கிவிட்டார். ஏழு வருஷம் வெறும் தரையைக் கும்பிட்டாயாம், தம்பி வந்து சொன்னான். சாமி உன்னை மன்னித்துவிட்டார் என்று இவன் சொல்கிறான். மன்னிக்கட்டும், அவர் சாமி. நான் பெற்றவள். நான் மன்னிக்கவில்லை. நான் இருக்கும்வரை இந்த மண்ணில் நீ கால் வைக்காதே. அவரும் அங்கே இருக்கிறாரே, நீயும் அங்கேயே இரு."

படித்து முடித்துவிட்டு அவள் என் முகத்தைப் பார்த்தாள். கடிதத்தை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனேன். செங்கல் எல்லைக்கு வெளியே செருப்பைக் கழற்றினேன். உள்ளே போய், கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து, "கேட்டியா?" என்றேன்.

பெரியம்மா அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம் இருந்தாள். நான் போகவில்லை.